பெட்டியில் எழுதிய வேகமும் தொலைந்துபோன அம்பாப் பாட்டும்

எங்கட வீடுகளில் கொம்பியூட்டருக்கு ஒரு தனி மரியாதை இருக்கு. சாப்பாட்டு அறையின் மூலையில் ஒரு மேசை, பூப்போட்ட துணியால் போர்த்தி மூடின மொனிட்டர், கீழே தூசி பிடித்த சிபியு. வீட்டில் மூத்தவர் ஓஎல் எழுதின வருஷம் வாங்கினது. அவர் கலியாணம் முடித்துப் போய்விட்டார், கொம்பியூட்டர் கடைக்குட்டியின் ஸூம் வகுப்பு வரைக்கும் உழைத்துக்கொண்டு நிற்கிறது. சுவிட்சைப் போட்டுவிட்டுக் குசினிக்குப் போய்த் தேத்தண்ணி ஊத்திக் குடித்துவிட்டு வந்தாலும் அந்த வட்டம் சுத்திக்கொண்டேதான் இருக்கும்.

"உதை எறிஞ்சுபோட்டுப் புது லப்டொப் ஒண்டு வாங்குங்கோவன்" என்று எல்லாரும் சொல்லுவினம். கடைக்காரர் சொல்லுவார், கனடாவில் இருக்கிற மாமா சொல்லுவார். (மாமா காசு அனுப்புவாரா என்பது வேறு கதை.) கம்பஸில் சேர்ந்த பிள்ளைக்கு லப்டொப் இல்லாவிட்டால் என்னவாவது நடந்துவிடும் என்று பயந்து சீட்டுக் காசை எடுத்த அம்மாக்களை எங்களுக்குத் தெரியும். தவணைக்கு எடுத்துவிட்டு, வாங்கின சாமான் பழுதான பிறகும் தவணை கட்டிக்கொண்டிருந்த வீட்டையும் தெரியும்.

போன வருஷமும் இந்த வருஷமுமாக நாங்கள் நாலு பேர் சேர்ந்து, எங்கட வீடுகளிலும் சொந்தக்காரர் வீடுகளிலுமாக ஒன்பது பழைய கொம்பியூட்டர்களைத் திறந்தோம். கலைப்பீடத்துப் பிள்ளைகள், ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கவே யூடியூப் பார்த்துத்தான் பழகினோம். ஒன்பதில் ஒன்றே ஒன்றுதான் உண்மையாக எறிய வேண்டியதாக இருந்தது. மற்ற எட்டிலும் பழைய ஹாட் டிஸ்க்குக்குப் பதிலாக ஒரு சாதாரண, விலை குறைந்த எஸ்எஸ்டியைப் பூட்டினோம். மெஷின் எழும்பிவிட்டது. இப்போது தேத்தண்ணிக்கு நேரமில்லை.

இதை எழுதுவதற்குக் காரணம் அந்த எட்டும் இல்லை. அந்த எட்டில் ஒன்றில் நாங்கள் செய்த பிழை. எஸ்எஸ்டி வாங்கப் போகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் "எது ஆக ஸ்பீட்?" என்றுதான் கேட்கினம். நாங்களும் அப்படித்தான் கேட்டோம். வீட்டுக் கொம்பியூட்டருக்கு அது கிட்டத்தட்டத் தேவையில்லாத கேள்வி என்பது எங்கட கட்சி. எது நம்பிக்கையானது, அது செத்துப்போனால் உள்ளே இருப்பது என்னவாகும் என்ற இரண்டையும்தான் முதலில் கேட்க வேண்டும்.

பழைய மெஷின் ஏன் இழுபடுகிறது என்பதை முதலில் பார்ப்போம். விண்டோஸ் என்றால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். ஒன்றும் செய்யாமல் சும்மா நிற்கும்போதே டிஸ்க் என்ற இடத்தில் 100 வீதம் என்று சிவந்துபோய் நிற்கும். சிபியு பத்து வீதத்தில் தூங்கிக்கொண்டிருக்கும். ஹாட் டிஸ்க் என்பது உள்ளே சுழலுகிற தட்டு. நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 தரம் சுழலும். அதன்மேல் ஒரு சின்னக் கை அங்குமிங்கும் ஓடித் தேவையான இடத்தைத் தேட வேண்டும். ஒரு தேடலுக்குப் பத்துப் பதினைந்து மில்லிசெக்கன் போய்விடும். அதாவது செக்கனுக்கு நூறு தேடலுக்கும் குறைவு. விண்டோஸ் எழும்புவதற்கும், குரோம் திறப்பதற்கும், ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொறுக்க வேண்டும். எஸ்எஸ்டியில் தட்டும் இல்லை, கையும் இல்லை, ஓட்டமும் இல்லை. அதே தேடலுக்கு ஏறத்தாழ 0.1 மில்லிசெக்கன் போதும். மெஷின் எழும்பின மாதிரித் தெரிவதற்கு இந்த நூறு மடங்குதான் காரணம்.

ஆக மலிவான எஸ்எஸ்டிக்கும் இந்த நூறு மடங்கு கிடைத்துவிடும். அதற்கு மேலே பெட்டியில் கொட்டை எழுத்தில் எழுதியிருப்பது வேறு வேகம். சாட்டா வகை என்றால் செக்கனுக்கு 550 மெகாபைட் அளவில் நின்றுவிடும், அந்த வயரின் எல்லையே அதுதான். என்விஎம்ஈ வகையில் 3500 என்றும், அடுத்த தலைமுறையில் 7000 என்றும் போட்டிருப்பார்கள். அது பெரிய ஒற்றைக் கோப்பை ஒரே ஓட்டமாக வாசிக்கும்போது வருகிற கணக்கு. வீடியோ எடிட் பண்ணுகிறவர்களுக்கு அது தேவை. அசைன்மென்ட் டைப் பண்ணுகிற, ஸ்கேன் பண்ணின பிடிஎஃப் வாசிக்கிற, இருபது டாப் திறந்து வைத்துக்கொண்டு ஒன்றையும் வாசிக்காத எங்களுக்கு, 550இலிருந்து 7000க்குப் போனால் தெரியப்போகிற வித்தியாசம் ஓரிரண்டு செக்கன். நாங்கள் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். எது எதென்று சொல்லத் தெரியவில்லை. 2010ஐ ஒட்டின பழைய மதர்போர்ட்டில் சாட்டாவே பாதி வேகத்தில்தான் ஓடும், 270 போல. அதிலும் பிரச்சினை இல்லை, ஓடுகிறது.

வேகத்தைத் துரத்தி நாங்கள் பட்ட முதலாவது அடி பஸ் காசோடு போய்விட்டது. ஒரு லப்டொப்புக்கு என்று எம்.2 வகையில் ஒன்றை வாங்கிக்கொண்டு போனோம். சுவிங்கம் பக்கற் மாதிரி மெல்லிசாக இருக்கும், 22 மில்லிமீற்றர் அகலம், 80 மில்லிமீற்றர் நீளம். அதனால்தான் 2280 என்று போட்டிருக்கும். உள்ளே போனது, மெஷின் கண்டுபிடிக்கவில்லை. எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டும்தான். அதே வடிவத்தில் சாட்டாவும் வரும், என்விஎம்ஈயும் வரும். அந்த லப்டொப் சாட்டா மட்டும் ஏற்கிற வகை. பெரும்பாலும் சாட்டாக்காரருக்கு முனையில் இரண்டு வெட்டு இருக்கும், என்விஎம்ஈக்காரருக்கு ஒன்று. இந்த வெட்டுக்கணக்கைக் கடையில் யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. வாங்க முதல் மெஷினின் மொடல் இலக்கத்தை எழுதிக்கொண்டு போங்கள். அதை இணையத்தில் தேடினால் என்ன வகை ஏறும் என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பழைய டெஸ்க்டொப் என்றால் யோசிக்கவே வேண்டாம், இரண்டரை அங்குல சாட்டா. இப்போதைய சாட்டா எதுவும் பழைய சாட்டா மெஷினில் ஏறும்.

இனி அந்தப் பிழைக்கு வருகிறோம்.

எங்களில் ஒருத்தி இறுதி வருட ஆய்வுக்காகக் கரைவலை இழுக்கிறவர்களின் அம்பாப் பாட்டுகளைச் சேகரித்துக்கொண்டிருந்தாள். விடியப்புறம் பஸ் ஏறிப் போய், மணலில் குந்தியிருந்து, வயது போன மூன்று சம்மாட்டிமாரையும் தொழிலாளிமாரையும் கதைக்க வைத்து, பாட வைத்து, போனில் பதிந்தாள். இப்போது கனபேர் பாடுவதில்லை. இயந்திரத்தால் வலை இழுக்கிற இடங்களில் பாட்டுக்கு வேலையுமில்லை. ஒலிப்பதிவுகளை வீட்டுக் கொம்பியூட்டருக்கு மாற்றினாள். போனில் இடமில்லை என்று மெசேஜ் வரவர, போனில் இருந்ததை அழித்தாள். அந்தக் கொம்பியூட்டருக்கு எஸ்எஸ்டி வாங்கிக் கொடுத்தது நாங்கள்தான். பெயர் தெரியாத ஒரு பிராண்ட், 256 ஜிபி, பெட்டியில் 560 என்று வேகம் போட்டிருந்தது. பெயருள்ளதைவிட இரண்டாயிரம் ரூபா மட்டில் குறைவு. "ஸ்பீட் கூடவும் இருக்கு, விலையும் குறைவு" என்று நாங்களே பெருமைப்பட்டோம்.

ஐந்தாம் மாதம் ஒரு பின்னேரம் சுவிட்சைப் போட்டாள். கறுப்புத் திரையில் பூட் பண்ண டிஸ்க் இல்லை என்று ஒரு வரி. முதல் நாள் இரவு வரைக்கும் ஒரு குறையும் இல்லை. ஹாட் டிஸ்க் சாகும்போது பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் சாகும். டக் டக் என்று சத்தம் வரும், கோப்பு திறக்க மினக்கெடும், எங்களுக்கும் பயம் வரும், எடுத்து வைப்போம். எஸ்எஸ்டி பல்ப் மாதிரி. எரியும், எரியும், பிறகு எரியாது. உள்ளே தகவல் வைத்திருக்கிற சிப் நல்லாக இருந்தாலும், எதை எங்கே வைத்தேன் என்ற கணக்கைப் பார்க்கிற கொன்ட்ரோலர் போய்விட்டால் வெளியிலிருந்து வாசிக்க வழி மிகக் குறைவு. கொழும்பில் எடுத்துத் தருகிறவர்களிடம் விசாரித்தோம். சொன்ன தொகைக்கு மூன்று புது எஸ்எஸ்டி வாங்கலாம், அதுவும் "பாப்பம்" என்ற உத்தரவாதத்தோடு.

வாங்கின கடைக்காரர் நல்ல மனுசன். பில்லைப் பார்த்தார், ஸ்டிக்கரைப் பார்த்தார், ஒரு கேள்வியும் கேட்காமல் புதிது ஒன்றை எடுத்துத் தந்தார். அதே பிராண்ட், அதே 256. வாரன்டி சரியாக வேலை செய்தது. பாட்டுக்கு வாரன்டி இல்லை. அவள் திரும்பப் போனபோது மூவரில் ஒருவர் காலமாகியிருந்தார்.

இதற்குப் பிறகுதான் நாங்கள் உட்கார்ந்து ஒழுங்காகப் படித்தோம். படித்ததில் வீட்டுக்கு உதவுவதை மட்டும் சொல்கிறோம்.

முதலாவது, பெயர். பிராண்ட் மோகம் என்று எங்களைத் திட்டலாம், சப்பாத்து விஷயத்தில் நாங்களும் திட்டுவோம். ஆனால் இந்தச் சிப்புகளை உலகத்தில் செய்கிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான்: சம்சுங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரோன், கியோக்ஸியா, சான்டிஸ்க், சீனாவின் ஒய்எம்ரிசி. மற்றவர்கள் எல்லாரும் இவர்களிடமிருந்து வாங்கி ஒட்டுகிறவர்கள். பெயர் தெரியாத பெட்டிக்குள் எந்தத் தரத்துச் சிப், எந்தக் கொன்ட்ரோலர் என்று விற்கிறவருக்கே தெரியாது. பெயருள்ளவர்கள் குறைந்தபட்சம் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வைக்கிறார்கள். கிங்ஸ்டன் ஏ400 மாதிரியான அடிமட்ட விலைக்காரருக்கு மூன்று வருடம், சம்சுங் 870 எவோ, க்ரூஷல் எம்எக்ஸ்500 மாதிரியானவைக்கு ஐந்து வருடம். கடை ஒட்டுகிற ஸ்டிக்கரின் காலம் இதைவிடக் குறைவாக இருக்கலாம், இரண்டையும் கேளுங்கள். பில்லை அன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள். அந்த வழுவழுப்புத் தாளில் ஆறு மாதத்தில் மை மறைந்துவிடும், வெறுந்தாளைக் காட்டி யாரிடம் நியாயம் கேட்கிறது?

இரண்டாவது, ரிபிடபிள்யூ என்று ஒரு எண் தாளில் இருக்கும். மொத்தம் எத்தனை ரெராபைட் எழுதும் வரைக்கும் கொம்பனி பொறுப்பு என்பது அர்த்தம். 240 ஜிபி ஏ400க்கு அது 80. 500 ஜிபி 870 எவோவுக்கு 300. எண்பது மிகக் குறைவு என்று பயமுறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். நாளுக்கு 20 ஜிபி எழுதினால் (வீட்டில் யாரும் அவ்வளவு எழுதுவதில்லை) 80 ரெராபைட் முடிய 4000 நாள், கிட்டத்தட்டப் பதினொரு வருடம். எங்கட கையில் இருப்பவை தேய்ந்து சாகப்போவதில்லை. செத்தால் கொன்ட்ரோலராலோ கரண்டாலோதான் சாகும். அதனால் இந்த எண்ணுக்காக மேலதிகக் காசு கொடுக்க வேண்டாம். நாங்கள் பார்ப்பது, அப்படி ஒரு எண்ணை எழுதத் துணிந்திருக்கிறார்களா என்பதை மட்டும்.

ரிஎல்சி, கியூஎல்சி என்று ஒரு சண்டை ஓடுகிறது. ஒரு சின்ன அறைக்குள் எத்தனை பிட் அடைக்கிறார்கள் என்ற விஷயம்: ரிஎல்சி என்றால் மூன்று, கியூஎல்சி என்றால் நான்கு. நாலை அடைத்தால் 16 மட்டங்களைப் பிரித்தறிய வேண்டும். மலிவாகும், மெதுவாகும், சீக்கிரம் தேயும். இதை மறைக்கக் கொஞ்ச இடத்தை ஒற்றைப் பிட்டாக வைத்து முதலில் அதில் வேகமாக எழுதுவார்கள். அது நிரம்பினதும் உண்மை வெளிவரும். ஒரு கலியாண வீடியோ முழுவதையும் ஒரே தரமாகக் கொப்பி பண்ணினால் முதல் கொஞ்சம் பறக்கும், பிறகு பழைய ஹாட் டிஸ்க்கைவிடவும் மெதுவாகும். விலை வித்தியாசம் சின்னது என்றால் ரிஎல்சி எடுங்கள், பெரியது என்றால் கவலைப்படாதீர்கள். இதற்கு மேல் இந்தச் சண்டையில் இறங்க எங்களுக்கு விருப்பமில்லை.

யூடியூப் ரிவியூக்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2021இல் க்ரூஷல் பி2, டபிள்யூடி புளூ எஸ்என்550 என்ற இரண்டு பேர்போன எஸ்எஸ்டிகளில், அதே பெயர், அதே பெட்டியோடு உள்ளே இருக்கிற சிப்பை மட்டும் மாற்றியது வெளியில் வந்தது. முதலில் நல்ல சிப்போடு ரிவியூக்காரருக்குப் போகும். ஒரு வருடத்துக்குப் பிறகு கடைக்கு வருவது வேறு. ஆக மூன்று வருடத்துக்கு முந்தின வீடியோவைப் பார்த்துவிட்டு "இதுதான் பெஸ்ட்" என்று கொமன்டில் சண்டை பிடிக்கிறவர்களைக் கண்டால் விலகிப் போங்கள். பெயருள்ள கொம்பனியும் செய்தது என்பதால் பெயரில்லாததை நம்பலாம் என்று வாதிட்ட ஒரு நண்பர் எங்களுக்கு இருக்கிறார். அவரோடும் சண்டை பிடிக்கவில்லை.

பேஸ்புக்கில் "2 ரெராபைட்" என்று கையளவு பெட்டியை ஒரு கொத்துரொட்டி, ஒரு சோடா விலைக்கு விற்பவர்களிடம் மட்டும் எங்களுக்குக் கோபம் உண்டு. உள்ளே இருப்பது ஒரு சின்ன மெமரி கார்ட். கொம்பியூட்டருக்கு 2 ரெராபைட் என்று பொய் சொல்லும்படி மாற்றி வைத்திருப்பார்கள். நிரம்பின பிறகு புதிதாகப் போடுவது பழையதன்மேல் எழுதப்படும். பெயர்ப்பட்டியலில் எல்லாப் படமும் தெரியும், திறந்தால் ஒன்றும் வராது. சந்தேகமென்றால் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் முழுவதையும் நிரப்பித் திரும்ப வாசித்துப் பாருங்கள். பொய் பிடிபடும். 240 ஜிபி வாங்கினதை விண்டோஸ் 223 என்று காட்டுவது ஏமாற்று இல்லை. கொம்பனி ஆயிரத்தால் எண்ணுகிறது, விண்டோஸ் 1024ஆல் எண்ணுகிறது. இதற்காகக் கடையில் சத்தம் போட்டுவிட்டுத் தலைகுனிந்து வந்த அனுபவமும் எங்களுக்கு உண்டு.

பழையது வாங்கலாமா என்பதில் எங்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. வெளிநாட்டு அலுவலகங்களில் கழித்த மெஷின்கள் இங்கே வருகின்றன, அதிலிருந்து கழற்றின நல்ல பிராண்ட் எஸ்எஸ்டிகள் கடைகளில் கிடைக்கும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைக் கடையிலேயே ஓடவிட்டால் எத்தனை மணித்தியாலம் உழைத்தது, எவ்வளவு எழுதப்பட்டது, ஆரோக்கியம் எத்தனை வீதம் என்று காட்டும். தொண்ணூறு வீதத்துக்கு மேலே நிற்கிற பழைய நல்ல பெயர், புதிய பெயரில்லாததைவிடத் திறம் என்று எங்களில் மூன்று பேர் சொல்கிறோம். பாட்டைத் தொலைத்தவள் ஒத்துக்கொள்ளவில்லை. அவளோடு வாதாட எங்களுக்கு வாய் வரவில்லை.

எவ்வளவு பெரியது வாங்குவது? டெஸ்க்டொப்பில் பழைய ஹாட் டிஸ்க்கையும் விட்டுவைக்கலாம் என்பதால் 240 காணும். விண்டோஸும் புரோகிராம்களும் எஸ்எஸ்டியில், படமும் பாட்டும் பழையதில். லப்டொப்பில் ஒன்றுக்குத்தான் இடமென்றால் 480 அல்லது 512க்குப் போங்கள்; முக்கால்வாசிக்கு மேல் நிரம்பின எஸ்எஸ்டி மூச்சு வாங்கும். விலையை இங்கே எழுதப்போவதில்லை, எழுதி முடிய மாறிவிடும். 2022 மார்ச்சில் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதம் 360ஐத் தொட்டபோது கடைக்காரர் காலையில் ஒரு விலை, பின்னேரம் ஒரு விலை சொன்னதை மறக்கவில்லை. 2024 தையிலிருந்து வற் 18 வீதம். போன வருடக் கடைசியில் ஏஐ தரவு நிலையங்கள் சிப்புகளை அள்ளத் தொடங்க, உலகம் முழுக்க விலை ஏறியது. டிசம்பரில் மைக்ரோன் கொம்பனி க்ரூஷல் என்ற பெயரில் எங்களைப் போன்ற சில்லறைக்காரருக்கு விற்பதையே நிறுத்துவதாக அறிவித்தது. எங்கோ அமெரிக்காவில் யாரோ ஒரு சற்பொட்டிடம் கேள்வி கேட்க, இங்கே அம்மம்மாவின் படம் வைக்கிற பெட்டிக்கு விலை கூடுகிறது. யூனிட்டி பிளாசாவில் ஒரு விலை, ஸ்ரான்லி வீதியில் இன்னொரு விலை. இரண்டையும் போனில் கேட்டுவிட்டு, பழுதானால் போய்வரக்கூடிய தூரத்தில் இருக்கிற கடையில் வாங்குங்கள். முன்னூறு ரூபா வித்தியாசம் ஒரு பஸ் பயணத்தில் போய்விடும்.

கரண்ட். 2022 பங்குனிக் கடைசியில் 13 மணித்தியாலம் வெட்டின காலத்தை விடுங்கள், அது சொல்லிவிட்டு வெட்டினது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததில் நாடே இருண்டது என்றார் அமைச்சர். குரங்குக்கு அட்டவணை கிடையாது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் எஸ்எஸ்டியின் உள்கணக்குக் குழம்பலாம். சேர்வருக்குச் செய்கிறவற்றில் அந்த நேரத்துக்கென்று கொஞ்சம் மின்சாரம் சேமித்து வைப்பார்கள், எங்கட விலைக்கு வருபவற்றில் அது இல்லை. டெஸ்க்டொப் வைத்திருப்பவர்களின் யுபிஎஸ்ஸில் பற்றரி உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் அது பூச்சாடி வைக்கிற பீடமாக மாறி வருடக்கணக்கு. வேகமான எஸ்எஸ்டிக்குக் கூட்டிக் கொடுக்க நினைத்த காசை அந்தப் பற்றரிக்குக் கொடுங்கள்.

விண்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபர் 14ஓடு ஆதரவு முடிந்தது, ஆகவே மெஷினையே மாற்று என்றும் சொல்லுவினம். 11க்கு ரிபிஎம் 2.0உம், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையும் வேண்டும் என்பது உண்மை, எங்கட பழசுகளில் இல்லை. ஆனால் வீட்டுக்காரருக்கு 2026 ஒக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் எடுக்க வழி இருக்கு. அதற்குப் பிறகு லினக்ஸ் மின்ட். இரண்டு மெஷினில் போட்டுப் பார்த்தோம். தமிழ்99, ஒலிப்பு முறை இரண்டும் ஓடுகின்றன. பாமினியில் அடித்துப் பழகின கைதான் கொஞ்சம் அழும்.

பூட்டுவது பற்றி நீளமாக ஒன்றும் இல்லை. வயரைக் கழற்று, நாலு ஆணியைக் கழற்று, திரும்பப் பூட்டு. ஆனால் எங்களில் இரண்டு பெண்பிள்ளைகள் மூடியைத் திறந்தபோது ஒவ்வொரு வீட்டிலும் யாராவது ஒருவர் வந்து "பிள்ளை, அண்ணாவைக் கூப்பிடட்டே?" என்று கேட்டார். அண்ணாவுக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது, அண்ணாவே அதைச் சொன்னார். ஒரு எச்சரிக்கை மட்டும். பழையதை அப்படியே புதிதுக்கு நகல் எடுக்கிற குளோன்சில்லா மாதிரியான மென்பொருட்களில் எது மூலம், எது இலக்கு என்று மாறிக் கொடுத்தால், வெறுமையை எடுத்து உங்கட பத்து வருடத்தின்மேல் எழுதிவிடும். நாங்கள் இப்போது நகல் எடுப்பதில்லை. பழைய ஹாட் டிஸ்க்கின் வயரைக் கழற்றிவிட்டு, புதிதில் விண்டோஸைப் புதிதாகப் போட்டு, எல்லாம் ஓடின பிறகு பழையதைக் கொழுவிக் கோப்புகளை எடுக்கிறோம். ஒரு நாள் கூடப் போகும், போகட்டும். எஸ்எஸ்டியில் அழித்ததை மீட்கலாம் என்றும் நம்ப வேண்டாம். ட்ரிம் என்ற ஒன்று பின்னால் ஓடி, அழித்த இடத்தைக் கொஞ்ச நேரத்தில் உண்மையாகவே துடைத்துவிடும்.

கழற்றின பழைய ஹாட் டிஸ்க்கைப் பழைய இரும்புக்காரருக்குக் கொடுக்க வேண்டாம். யுஎஸ்பியில் கொழுவுகிற ஒரு வெற்றுப் பெட்டி சில நூறு ரூபாவிலிருந்து கிடைக்கும்; லப்டொப் டிஸ்க் என்றால் அதற்குள் போட்டால் போதும், டெஸ்க்டொப்புடையது பெரிசு, தனி மின்சாரம் வேண்டும். மாதத்துக்கு ஒருக்கால் கொழுவி, ஆய்வேடு, படம், பதிவுகளைக் கொப்பி பண்ணிவிட்டுக் கழற்றி வையுங்கள். மெதுவாகத்தான் இருக்கும். அலுமாரிக்குள் கிடப்பதற்கு வேகம் எதற்கு? எஸ்எஸ்டியை இந்த வேலைக்கு நாங்கள் நம்புவதில்லை. தன் எழுத்துக்கணக்கு முடிந்த எஸ்எஸ்டி கரண்ட் இல்லாமல் 30 பாகையில் ஒரு வருடம் தகவலைக் காக்க வேண்டும் என்பதுதான் அவர்களுடைய தர நியமமே. எங்கட ஊர் அலுமாரி சித்திரையில் எத்தனை பாகை என்று யாரும் அளந்து பார்க்கவில்லை.

அவள் திரும்பவும் கரைக்குப் போனாள். மற்ற இருவரும் பாடினார்கள், ஒருவருக்கு முந்தி வந்த அடிகள் இந்த முறை வரவில்லை. காலமானவரின் மகன் தகப்பன் பாடினதில் நினைவிருந்ததைப் போனில் பாடி அனுப்பினார், இரண்டு நிமிடம் பதினைந்து செக்கன். இப்போது அது போனில் இருக்கிறது, கடைக்காரர் மாற்றித் தந்த 256இல் இருக்கிறது, ஒரு இணையக் களஞ்சியத்தில் இருக்கிறது, 2012இல் அவளுடைய அக்காவுக்கு வாங்கின கொம்பியூட்டரிலிருந்து கழற்றின 500 ஜிபி ஹாட் டிஸ்க்கில் இருக்கிறது. அந்த ஹாட் டிஸ்க் மலிபன் பிஸ்கட் ரின்னுக்குள், அம்மாவின் காணி உறுதிகளுக்குப் பக்கத்தில். மூடியில் "திறக்க வேண்டாம்" என்று எழுதி, கீழே கடைசியாகக் கொப்பி பண்ணின திகதியைப் பென்சிலால் போட்டிருக்கிறாள். ஒவ்வொரு மாதமும் அழித்து எழுத வசதியாக.